கிழங்கின் பெயர் சொல்லாத மாவு

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யோருபா மக்களின் அன்றாட உணவு அமலா. வள்ளிக்கிழங்கு மாவைக் கொதிநீரில் கொட்டி, கட்டி தட்டாமல் மரத்துடுப்பால் கிளறி இறக்கும் களி அது. தட்டுக்கு வரும்போது கரும்பழுப்பாக இருக்கும். ஆனால், அந்த மாவுக்கு மூலமான கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. தோல் சீவி நறுக்கிய துண்டுகளைக் கொதி வராத வெந்நீரில் போட்டு, அதே நீரில் ஓர் இரவு முழுக்க ஊறவிட்டு, பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். கிழங்கிலுள்ள பினால் சேர்மங்களை அதன் நொதிகள் காற்றின் துணையோடு பழுப்பாக்குகின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வேதியியலால்தான். காய்ந்த துண்டுகளை அரைத்தால் கிடைப்பது எலுபோ மாவு. கொதிநீர் பட்டதும் அதன் நிறம் இன்னும் அடர்கிறது.

அதே வெள்ளை வள்ளியை அவித்து உரலில் இடித்தால் ‘இயான்’ என்ற வெண்மையான, இழுபடும் உருண்டை கிடைக்கும். அவர்கள் ‘நீர்வள்ளி’ என்று அழைக்கும் இன்னொரு வகையை இடித்தால் அந்த இழுவை வராது. ஆகவே இஜேபு பகுதியினர் அதைத் துருவி, காரக் குழம்பிலேயே வேகவைத்து ‘இகோகோரே’ செய்கிறார்கள். பக்கத்து நாடான பெனினில் ‘கோகோரோ’ என்ற சிறு கிழங்கு ரகம் காயவைத்து மாவாக்குவதற்கென்றே பேர் பெற்றது. எந்தக் கிழங்கு இடிக்க, எது துருவ, எது காயவைக்க என்பது சந்தைக்கு வரும் பெண்களுக்குத் தெரியும். உலக வள்ளிக்கிழங்கு விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவில்தான் விளைகிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவினுடையது. அந்த அளவுக்குப் புழங்கியதால் வந்த அறிவு இது.

நம் பக்கம் திரும்புவோம். இயற்கை அங்காடிகளிலும் இணையக் கடைகளிலும் கிழங்கு மாவுப் பொட்டலங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. முன்பக்கத்தில் ‘கிழங்கு மாவு’ என்று ஒரு பொதுப்பெயர். பின்பக்கத்தில் குளூட்டன் இல்லாதது, நார்ச்சத்து மிக்கது, சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது என்ற புகழுரைகள். எந்தக் கிழங்கு, என்ன ரகம், பச்சையாகக் காய்ந்ததா, அவித்துக் காய்ந்ததா என்பதைச் சொல்லும் பொட்டலம் அரிது. இந்தத் தகவல்கள் இல்லாத மாவுக்குச் சத்து மதிப்பும் இல்லை, சமையல் மதிப்பும் இல்லை என்பதே என் வாதம். கிழங்காக இருக்கும்வரை தோல், சதை, வடிவம் ஆகியவற்றைப் பார்த்து நாம் அடையாளம் காண்போம். மாவானபின் எல்லாம் ஒரே வெளிர்தூள். அதன் பிறகு வாங்குபவருக்கு இருக்கும் ஒரே துணை, பொட்டலத்தில் எழுதியிருப்பதுதான்.

எந்த வள்ளி?

இங்கு நான் பேசுவது டயோஸ்கோரியா என்ற கொடி இனத்தின் கிழங்குகளை. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை, கருணை, சேம்பு எல்லாம் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. டயோஸ்கோரியாவில் 600-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நாம் உண்பவை சிலவே. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் களியாகக் காய்ச்சும் ஊதா நிற இராசவள்ளியும், கேரளத்தில் திருவாதிரைப் புழுக்கில் சேரும் காச்சிலும், நைஜீரியர்களின் நீர்வள்ளியும், பிலிப்பைன்ஸின் ஊபேயும் ஒரே சிற்றினம்தான். சிறுவள்ளி வேறொன்று. கொடியின் கணுக்களில் காய்ப்பது காய்வள்ளி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளை வள்ளியும் கேரளத்தில் பயிராகிறது. இவை போக, மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிகளும் பளியர்களும் காடர்களும் தோண்டி உண்ணும் காட்டு வகைகள் பல.

இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு வெறும் நிறத்திலும் அளவிலும் இல்லை. மாவின் நடத்தையைத் தீர்மானிப்பது மாவுச்சத்து மணிகள். வெள்ளை வள்ளியிலும் இராசவள்ளியிலும் அவை பெரியவை, 20 முதல் 50 மைக்ரான் வரை இருப்பது சாதாரணம். சிறுவள்ளியின் மணிகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்குக் கீழ். ஆப்பிரிக்காவின் மூவிலை வள்ளியில் 5 மைக்ரானைத் தாண்டுவதே அரிது. வெள்ளை வள்ளி மாவு நன்றாகப் பொங்கிக் கெட்டியாகும், ஆறினால் இறுகும். அதனால்தான் அது களிக்கு ஏற்றது. இராசவள்ளியின் கூழ், நெடுநேரம் கொதித்தாலும் கிளறினாலும் நீர்த்துப் போவதில்லை. ஆகவே கொழுக்கட்டைப் பூரணம், பாயசம், குழம்பைக் கெட்டியாக்குவது போன்றவற்றுக்கு அது பொருத்தம். சிறுவள்ளி மாவில் பசை குறைவு, இறுக்கமும் குறைவு. மென்மையான கஞ்சிக்கு நல்லது. அதில் களி கிண்டினால் துவண்டுவிடும். மூன்றையும் ஒரே பெயரில் பொட்டலமிட்டால், ஒருமுறை நன்றாக வந்த பண்டம் அடுத்த முறை வராது. வாங்கியவர் தன் கைப்பக்குவத்தை நொந்துகொள்வார், பிறகு அந்த மாவைத் தொடமாட்டார்.

இன்னொரு செய்தி சமையலறைக்கு உடனே உதவும். வள்ளி மாவுச்சத்து வெந்து கூழாவதற்குப் பொதுவாக 75 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உருளைக்கிழங்கு மாவுக்கு 60-65 டிகிரி போதும். எனவே வெந்நீரில் குழைத்துவிட்டு ‘மாவு வேகவில்லை, பச்சை வாடை’ என்று குறைபடுவதில் பொருளில்லை. நீர் தளதளவெனக் கொதிக்க வேண்டும், மாவு அதில் சில நிமிடங்களாவது கிடக்க வேண்டும்.

ஒடியலும் புழுக்கொடியலும்

பச்சையாகக் காய்ந்ததா, அவித்துக் காய்ந்ததா என்ற கேள்வி யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைக் கூழுக்குப் போட்டால் கூழ் தடிக்கும். அதையே நீரில் ஊறவைத்துக் கைப்பைப் போக்கிப் பிட்டு அவிப்பார்கள். புழுக்கொடியல் ஏற்கெனவே வெந்தது என்பதால் அப்படியே கடிக்கலாம், இடித்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்தும் உண்ணலாம். பனங்கிழங்கு வள்ளி இனம் அல்ல. ஆனால், உணவு அறிவியலார் கருவி வைத்து அளக்கும் வேறுபாட்டை இந்த இரண்டு பண்டங்களும் தெளிவாகக் காட்டுகின்றன. பச்சை மாவில் மாவுச்சத்து மணிகள் உடையாமல் இருக்கின்றன, கொதிநீரில்தான் நீரை உறிஞ்சிப் பொங்குகின்றன. அவித்து உலர்த்திய மாவில் மணிகள் முன்பே வெந்து உடைந்திருப்பதால் குளிர்ந்த நீரையும் அது நிறையக் குடிக்கும், ஆனால் அடுப்பில் பச்சை மாவு அளவுக்குத் தடிக்காது. கொதிநீர் ஊற்றிக் கிளறினால் உடனே இயான் ஆகும் நைஜீரியாவின் ‘பவுண்டோ’ மாவுகள் இந்த இரண்டாவது வகை.

ஊதா இராசவள்ளிக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. அதன் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. பச்சைத் துண்டுகளை மெல்லக் காயவிட்டால் நொதிகள் நிறத்தைத் தின்றுவிடும், மாவு மண்நிறமாகும். நறுக்கிய உடன் சில நிமிடங்கள் ஆவியில் வைத்தால் நொதி செயலிழந்துவிடும், நிறம் பெருமளவு தங்கும். ஒரே கொடியில் விளைந்த கிழங்கே இப்படி இரு வேறு மாவாகிறது. சமைக்கும்போது ஆப்ப சோடா சேர்த்தால் ஊதா நீலத்துக்குப் போகும், எலுமிச்சைச் சாறு பட்டால் சிவப்புக்கு வரும். ஊபே மோகம் உலகெங்கும் பரவியபிறகு, ஊதா நிறச் சாயமும் வாசனைத் திரவமும் சேர்த்த பண்டங்கள் அந்தப் பெயரில் நிறையவே விற்கின்றன. சாயம் கலந்ததா என்ற ஐயம் எழுந்தால், வீட்டிலேயே எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பது ஒரு முதல் சோதனை. நிறம் சற்றும் மாறாவிட்டால் சந்தேகப்பட இடமுண்டு.

வழவழப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை வள்ளியை நறுக்கினால் கையில் ஒட்டும் கொழகொழப்பு, புரதமும் சர்க்கரைத் தொடர்களும் பிணைந்த பொருள். நீரைப் பிடித்து வைப்பதும் மாவைச் சேர்த்துப் பிடிப்பதும் அதன் வேலை. ஜப்பானியர்கள் அவர்கள் ஊர் வள்ளியான நாகாயிமோவைப் பச்சையாகத் துருவி ஒகோனோமியாகி அடையில் சேர்ப்பது இதற்காகத்தான். ஆனால், இதே கொழகொழப்பு இருப்பதால் வள்ளியிலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். மரவள்ளிப் பாலைத் தெளியவிட்டு ஸ்டார்ச் எடுத்து ஜவ்வரிசியாக்கும் சேலம் வட்டார ஆலைகளின் வழி இதற்குச் செல்லாது. வள்ளியை முழுமாவாக ஆக்குவதே அறிவுடைமை. நார், தாது, நிறமி எல்லாம் அதில் மிஞ்சும் என்பதால் அதுவே சத்துக்கும் நல்லது.

சத்து எவ்வளவு, புளுகு எவ்வளவு

100 கிராம் பச்சை வள்ளியில் சுமார் 70 கிராம் நீர். 28 கிராம் அளவுக்கு மாவுப்பொருள், அதில் 4 கிராம் நார்ச்சத்து. புரதம் ஒன்றரை கிராம். கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். பொட்டாசியம் 800 மில்லிகிராமைத் தொடும். வைட்டமின் சி 17 மில்லிகிராம். நீர் போனபின் மற்றவை செறிந்துவிடும். மாவில் புரதம் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சில இராசவள்ளி ரகங்களில் சற்றுக் கூடும். கோதுமை மாவில் 10 சதவீதத்துக்கு மேல் என்பதை வைத்துப் பார்த்தால், கிழங்கு மாவு புரதத்தில் ஏழை. இதை மறைக்க வேண்டியதில்லை. யோருபா மக்கள் அமலாவுடன் தட்டைப்பயறு இனத்துப் பயற்றைக் கடைந்த ‘குபெகிரி’ சாற்றையும் கீரையையும் சேர்த்து உண்கிறார்கள். கிழங்கில் இல்லாததைப் பயறு தருகிறது. நாமும் கிழங்கு மாவு அடைக்கு உளுந்தோ கடலைப்பருப்போ அரைத்துச் சேர்த்தால் அதே நிறைவு கிட்டும். குழந்தைகளுக்குத் தனிக் கிழங்கு மாவுக் கஞ்சியை மட்டும் கொடுத்து வளர்ப்பது தவறு.

வைட்டமின் சி உலர்த்தும்போது பெரும்பகுதி போய்விடும். பச்சைக் கிழங்கின் பட்டியலை மாவுப் பொட்டலத்தில் அச்சிடுவது நேர்மையல்ல. பொட்டாசியம் நிறைய நிற்கும். பொதுவாக அது நல்லதே, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாவை அன்றாட உணவாக்கக் கூடாது. இந்த எச்சரிக்கை பொட்டலத்தில் இருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது என்ற வாசகத்துக்கு வருவோம். பச்சை வள்ளியின் மாவுச்சத்து, குடலின் நொதிகளுக்கு எளிதில் பிடிகொடுக்காது என்பது உண்மை. ஆனால், நாம் பச்சையாக உண்பதில்லை. வெந்ததும் அந்தத் தன்மை பெரும்பாலும் மறைகிறது. ஆறவைத்தால் ஒரு பகுதி மீண்டும் இறுகிச் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். ரகம், சமைத்த விதம், சூடு, உடன் உண்பது ஆகியவற்றைப் பொறுத்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம் வெகுவாக மாறுகிறது. பெயரில்லாத ஒரு மாவுக்கு அப்படி ஒரு சான்றிதழ் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

இதைவிட மோசமானது, மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்களுக்கு வள்ளி மாவு ஹார்மோனைத் தரும் என்ற விற்பனைப் பேச்சு. இதன் வேர் ஒரு மெய்யான வரலாற்றில் இருக்கிறது. 1940-களில் வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர், மெக்சிகோவின் காட்டு வள்ளிகளில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைத் தயாரித்தார். 1944-ல் சின்டெக்ஸ் நிறுவனம் உருவானதும், பின்னாளில் கருத்தடை மாத்திரைகள் மலிவாகக் கிடைத்ததும் அந்த வழியில்தான். ஆனால், அந்த மாற்றம் ஆய்வகத்தில் பல வேதிவினைகளால் நடந்தது. மனித உடலுக்கு அந்த ஆற்றல் இல்லை. உண்ணும் வள்ளிகளில் டயோஸ்ஜெனின் அளவும் மிகக் குறைவு. அவதிப்படும் பெண்களிடம் இப்படிச் சொல்லிப் பணம் பறிப்பதை உணவுப் பாதுகாப்புத் துறை தடுக்க வேண்டும்.

பெயர் எழுதுவது பாதுகாப்புக்கும் தேவை. காட்டு வள்ளிகளில் டயோஸ்கோரியா ஹிஸ்பிடா போன்றவற்றில் டயோஸ்கோரின் என்ற நச்சு உண்டு, அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். அது நீரில் கரையும் என்பதால் கிழங்கை மெல்லிய சீவல்களாக்கி, ஓடும் நீரில் நாட்கணக்கில் போட்டு நச்சைக் கழித்து உண்ணும் அறிவு ஒடிசா முதல் இந்தோனேசியா வரையுள்ள காட்டுச் சமூகங்களிடம் இருக்கிறது. அந்த அறிவை விட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் வாங்கி ‘மலைக்கிழங்கு மாவு’ என்று அரைத்து நகரத்தில் விற்றால் ஆபத்து நேரும். பழங்குடிகளிடம் கிழங்கை வாங்குபவர்கள் அதன் பெயரையும் பக்குவத்தையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும், அந்த அறிவுக்கும் விலை கொடுக்க வேண்டும்.

கோதுமையோடு போட்டி வேண்டாம்

கோதுமை விளையாத இலங்கை, 2022 நெருக்கடியில் ரொட்டி விலையைக் கண்டு திகைத்தது. அத்தகைய நேரங்களில் ‘கிழங்கு மாவைக் கோதுமையில் கலப்போம்’ என்ற யோசனை எழுவது இயல்பே. நைஜீரியா இதை மரவள்ளியில் செய்து பார்த்தது. 2005-ல் கோதுமை மாவில் 10 சதவீதம் மரவள்ளி மாவு சேர்க்க வேண்டும் என ஆணையிட்டது. 2012-ல் அக்கின்வுமி அடெசினா வேளாண் அமைச்சராக இருந்தபோது மறுபடி முயன்றது. ஒரே சீரான தரத்தில், போதுமான அளவில் மாவு கிடைக்காததால் ஆலைகளும் பேக்கரிகளும் பின்வாங்கின. குளூட்டன் இல்லாத மாவு காற்றைப் பிடித்து வைக்காது. கலவை 10, 20 சதவீதத்தைத் தாண்டினாலே ரொட்டி உப்பாமல் அமுங்கும். வள்ளிக்கும் இதே விதிதான்.

விலைக்கணக்கும் கலப்புக்கு எதிராகவே நிற்கிறது. தோலும் நீரும் கழிந்தபின் நான்கு கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ மாவு, நீர் மிகுந்த இராசவள்ளியில் ஐந்து கிலோ வரை வேண்டும். மைதாவின் விலைக்கு இதை விற்கவே முடியாது. தனக்கான பண்டத்தில், தன் பெயரில், தக்க விலைக்கு விற்பதுதான் இதற்கு வழி. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டில் நாம் கண்டது என்ன? பிஸ்கட்டிலும் நூடுல்ஸிலும் கைப்பிடி வரகையோ சாமையையோ தூவி ‘சிறுதானியம்’ என்று விற்றவர்களுக்கு லாபம் போனது, விளைவித்தவருக்கு அதில் பெரும்பங்கு சேரவில்லை. கிழங்குக்கும் அந்தக் கதி வரக் கூடாது.

மாவாக்க வேண்டிய உண்மையான தேவை வேறிடத்தில் இருக்கிறது. தோண்டும்போது மண்வெட்டி பட்ட கிழங்கு சில நாட்களில் அழுகத் தொடங்கும். நீண்டு வளரும் இராசவள்ளியில் உடைசல் தவிர்க்க முடியாதது. முழுக்கிழங்கும் மூன்று, நான்கு மாதத்தில் முளைவிட்டு உள்சதையை இழக்கும். ஆப்பிரிக்காவின் மூவிலை வள்ளியோ தோண்டிய ஒரே நாளில் இறுகத் தொடங்கி, பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் மென்மையாகாது. புரதம் அதிகமுள்ள வள்ளி அதுதான். அதைக் காப்பாற்ற உடனே மாவாக்குவதே வழி. தை, மாசியில் ஒரே நேரத்தில் அறுவடை வந்து விலை சரியும்போது உடைந்த, சிறுத்த கிழங்குகளை மாவாக்கினால் வீணாகப் போவது உழவருக்குப் பணமாக மிஞ்சும்.

அதற்கு வெயிலை மட்டும் நம்பக் கூடாது. நைஜீரியா, பெனின் சந்தைகளில் காய்ந்த வள்ளித் துண்டுகளில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே விரைவாக இறங்க வேண்டும். மார்கழி, தை பனியில் முற்றத்தில் பரப்பிய துண்டு அப்படி இறங்காது. 50-60 டிகிரியில் இயங்கும் பொது உலர்த்தி ஒன்று, ஆவி வைக்க ஒரு பாத்திரம், ஈரம் அளக்கும் கருவி ஆகிய மூன்றும் ஒரு மகளிர் குழுவுக்குப் போதும்.

ரகங்களுக்கும் பஞ்சமில்லை. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், இராசவள்ளி இனத்தில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, ஸ்ரீ சில்பா, ஸ்ரீ கார்த்திகா, சிறுவள்ளியில் ஸ்ரீ லதா, ஸ்ரீ கலா, வெள்ளை வள்ளியில் ஸ்ரீ பிரியா, ஸ்ரீ சுப்ரா எனப் பலவற்றை வெளியிட்டிருக்கிறது. ஸ்ரீ தன்யா, கொடியேற்றக் கொம்பு நட வேண்டாத குட்டை ரகம். கொம்புச் செலவும் கூலியும்தான் வள்ளி உழவரை விரட்டுபவை என்பதால் இது முக்கியமானது. உழவர் கேட்பது விளைச்சல் எவ்வளவு என்பது. மாவு செய்பவர் கேட்பது உலர்பொருள் எவ்வளவு, கூழ் எப்படித் தடிக்கும் என்பது. ரகத்தை வெளியிடும்போதே இந்த இரண்டாவது கேள்விக்கான விடையும் எளிய தமிழில் ஒரு பக்க அட்டையாக உழவர் கைக்கு வர வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் கிழங்குப் பயிர்களுக்கான ஒருங்கிணைந்த ஆய்வு மையம் இருக்கிறது. குமரி முதல் கொல்லிமலை வரை வீட்டுக் கொல்லைகளில் பெயர் மட்டும் தாங்கி நிற்கும் நாட்டு வள்ளிகளுக்கும் அதே அட்டையை அங்கே தயாரிக்கலாம்.

விளைந்ததில் கால்பங்கு வரை அடுத்த ஆண்டு விதைக்கே போகிற பயிர் இது. சித்திரை, வைகாசியில் ஊன்றும் முன்பே, எந்த ரகம் எந்த மாவுக்கு என்று குறித்த விதைக்கிழங்கை வேளாண் துறை உழவருக்குக் கொடுத்தால், அடுத்த தையில் வரும் பொட்டலத்தில் ‘இராசவள்ளி, இன்ன ரகம், ஆவியில் வைத்து உலர்த்தியது, இன்ன மாதம் அரைத்தது’ என்று எழுதக் குழுக்களுக்குத் தடையேதும் இராது.